வெறும் குப்பி வைத்தவர்

கைப்பேசியில் ‘கோமதி மேடம்’ என்று பெயர் வந்தது. அப்போது நான் மேலப்பாளையத்தில் மாடு அறுக்கும் கூடத்தில், ஒரு கையில் இடுக்கியும் இன்னொரு கையில் டீ பிளாஸ்க்குமாக நின்றுகொண்டிருந்தேன். பல வாரங்களாகக் கிடைக்காத நல்ல புழுக்கள் அன்று காலையில்தான் கிடைத்திருந்தன. அந்த மகிழ்ச்சியில் எதிர்ப்பக்கம் பேச இடமே கொடுக்காமல், “மேடம், நல்ல சேதி. இன்னைக்கு அருமையான புழு கெடச்சிருக்கு. அம்புட்டும் துள்ளுது” என்றேன். பதிலுக்கு வந்தது அவருடைய கணவரின் குரல். “சாகுல் சார், நான் சங்கரலிங்கம் பேசுதேன். கோமதி விடியக்காலம் போயிட்டா.”

மகன் வெளிநாட்டிலிருந்து வந்து சேரவேண்டும், நாளைக்குத்தான் எடுப்போம் என்றும் சொன்னார். பிளாஸ்க்கை மூடி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். நேராக அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். வண்டி கல்லூரிக்குப் போய் நின்றது. மாட்டின் வயிற்றிலிருந்து எடுத்த புழு வெளியில் அதிக நேரம் தாங்காது. பிளாஸ்க்கில் இருக்கும் உப்புநீர் உடம்புச் சூட்டிலிருந்து இறங்குவதற்குள் அதை ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். குளிர்பெட்டியில் மேடம் கடைசியாகக் கொடுத்த ஆறு மருந்துக் குப்பிகள் காத்திருந்தன. ஒவ்வொரு கிண்ணத்திலும் புழுக்களை விட்டு, ஒவ்வொரு குப்பியிலிருந்தும் மருந்தைச் சொட்டி, எல்லாவற்றையும் சூட்டுப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அதற்குப் பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனேன். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். மேடத்தை அறிந்தவர்கள் சுளிக்கமாட்டார்கள். நான் அந்தப் புழுக்களை வீணாக்கிவிட்டு மாலையோடு போய் நின்றிருந்தால், கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்தே என்னை முறைத்திருப்பார்.

என்னை எங்கே பார்த்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான். “என்ன சார், புழு என்ன சொல்லுது?” நலமா, சாப்பிட்டீர்களா எல்லாம் அதற்குப் பிறகு. அன்று அந்த வீட்டு முற்றம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் என் கையைப் பிடித்தார்கள். அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இதைப் படிப்பவர்களில் பலர் நம் கல்லூரியில் அவரிடம் வேதியியல் படித்தவர்கள். கரும்பலகையில் அவர் ஒரே இழுப்பில் போடும் அறுகோணம் உங்களுக்கு நினைவிருக்கும். அவருடைய இன்னொரு வாழ்க்கை, வகுப்புகள் முடிந்த பிறகு, கீழ்த்தளத்தில் என் விலங்கியல் ஆய்வகத்தில் நடந்தது. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவைக் கொல்ல ஒரு புதிய மருந்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அது. மருந்து ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வீடு வீடாக வந்து கொடுக்கும் மாத்திரைகள் ரத்தத்தில் மிதக்கும் குஞ்சுப் புழுக்களைக் கொல்லும். நிணநீர்க் குழாய்க்குள் பதுங்கிக்கொண்டு வருடக்கணக்கில் குஞ்சு பொரிக்கும் தாய்ப்புழுவை அவை முழுதாகக் கொல்வதில்லை. அந்தத் தாய்ப்புழு மேடத்தின் பகையாளி. வேறு யார்மீதும் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

முதல்முதலாக அவர் என் அறைக்கு வந்தது ஒரு விசாரணையோடு. “சார், நீங்க மாட்டுப் புழுவ வச்சு ஆராய்ச்சி பண்ணுதியளாமே, அது யானக்கால் புழுவுக்குச் சொந்தமா?” சொந்தம்தான். மனிதப் புழுவை ஆய்வகத்தில் வளர்ப்பது லேசில்லை. மாட்டின் வயிற்றறையில் வாழும் அதன் பங்காளிப் புழு, அறுக்கும் கூடத்தில் சும்மாவே கிடைக்கும். மருந்துக்கு முதல் பரீட்சை வைக்க அது போதும். “அப்பம் எனக்கு அது இருக்க எடத்தக் காட்டுங்க” என்றார். நான் தயங்கினேன். முட்டை ஓடு கூட வாசல் தாண்டாத சைவக் குடும்பம் அவருடையது. மறுநாள் காலை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் பிச்சிப்பூவோடு, அறுக்கும் கூடத்துக்கு வந்து நின்றார். அங்கே கத்தி வைத்திருந்தவர்கள்தான் கூச்சப்பட்டு ஒதுங்கினார்கள். நான் இடுக்கியால் புழுவை எடுத்துக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். “நல்ல வெள்ளையா, நீட்டமா, சேமியா கணக்கால்லா இருக்கு” என்றார். அப்புறம் சற்று யோசித்து, “போச்சு. இனி எங்க வீட்ல பாயசம் கெடையாது” என்றார்.

சொன்னபடியே நடந்துகொண்டார். கல்லூரி விழாக்களில் இலையில் சேமியாப் பாயசம் வந்தால், அவருடைய கிண்ணம் என் பக்கம் நகர்ந்து வரும். “உங்க ஆளுங்க சார், நீங்களே பாத்துக்கிடுங்க.” நான் இரண்டு கிண்ணம் குடிப்பேன். எனக்குச் சர்க்கரை வந்ததற்கு அவர்தான் காரணம் என்று கடைசிவரை குற்றம் சாட்டிக்கொண்டிருந்தேன்.

மருந்தை வடிவமைப்பது என்றால் என்ன என்று ஒருமுறை அவரிடமே கேட்டேன். இத்தனைக்கும் நான் உயிரியல்காரன். புத்தகத்தில் எழுதியிருப்பது தெரியும். அவர் வாயால் கேட்க ஆசை. புழு உயிர்வாழ உதவும் நொதி ஒன்று உண்டு. நம் உடம்பிலும் அதே வேலையைச் செய்யும் நொதி இருக்கிறது; இரண்டுக்கும் வடிவத்தில் சின்ன வேறுபாடு. புழுவின் நொதிக்குள் போய்க் கச்சிதமாக உட்கார்ந்து அதை வேலை செய்யவிடாமல் தடுக்கும் ஒரு மூலக்கூறு வேண்டும். நம்முடையதற்குள் அது உட்காரக் கூடாது. இதை மேடம் இப்படிச் சொன்னார்: “தையக்கடைல அளவு ரவிக்கை குடுக்கோம்லா, அதுதான் சார். புழுவுக்குச் சிக்குன்னு சேரணும். நமக்குக் கைய நொழைக்கவே முடியப்படாது.” கணினித் திரையில் அந்த மூலக்கூறைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு மூலையில் ஓர் அணுவைச் சேர்ப்பார், இன்னொரு மூலையில் ஒன்றைக் கழற்றுவார். பிறகு மாடிக்குப் போய் அதைக் குடுவைக்குள் நிஜமாகவே செய்துபார்ப்பார். திரையில் ஒரு நிமிடத்தில் ஒட்டியது குடுவைக்குள் ஒட்ட மாதக்கணக்காகும். பல நேரம் ஒட்டவே ஒட்டாது. அப்போதெல்லாம் என் அறைக்கு வந்து, கிண்ணத்துப் புழுக்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “எப்படி நெளியுது பாருங்க, திமிரு” என்பார்.

இனி அவருடைய வேலை முறையைச் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியே இல்லை.

ஒவ்வொரு தடவையும் ஆறு குப்பிகள் வைக்கும் சின்னப் பெட்டி ஒன்றைக் கொடுப்பார். ஐந்தில் அவர் செய்த புதிய மருந்துகள், கரைப்பானில் கரைத்து இருக்கும். ஒன்றில் வெறும் கரைப்பான் மட்டும். அந்த வெறும் குப்பிக்கு அவர் வைத்த பெயர் ‘சும்மா’. ஆறும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும். எது சும்மா என்று எனக்குச் சொல்லமாட்டார். எதில் எந்த மருந்து என்பதையும் நான் முடிவைச் சொன்ன பிறகுதான் சொல்வார். மருந்தில்லாத புழுக்களை எனக்குத் தெரிந்தே ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்திருப்பேன், அது எல்லாரும் செய்வது. மேடத்துக்கு அது போதாது. “தெரிஞ்சு பாக்க கண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியும் சார். ஆசப்பட்ட எடத்துல புழு அடங்கிட்ட மாதிரியே இருக்கும்” என்பார். இத்தனை வருடம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்த என்னைப் பார்த்துத்தான் இதைச் சொன்னார். முதலில் எனக்குச் சுருக்கென்றது. பிறகு அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. எது சும்மா என்று நான் முன்கூட்டியே ஊகிப்பேன், பெரும்பாலும் தோற்பேன்.

குப்பிகளுக்கு எண் போடவும் மாட்டார். ஒன்று என்று எழுதினால் அதை முதலில் பார்ப்பேனாம், ஒசத்தியாக நினைப்பேனாம். அதனால் நம் பக்கத்து ஊர்ப் பெயர்களை எழுதி ஒட்டுவார். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், சீவலப்பேரி, வள்ளியூர். ஒவ்வொரு தடவையும் மருந்து மாறும், ஊர் மாறாது. இதனால் பட்ட பாடு ஒன்று உண்டு. ஒருநாள் ஸ்கூட்டர் பழுதாகி, பாளையங்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மேடம் கூப்பிட்டு முடிவு கேட்டார். நெரிசலில் காது கேட்கவில்லை, நான் உரக்கச் சொன்னேன்: “கல்லிடையில ஒண்ணும் ஆகல மேடம். அம்பாசமுத்திரத்துல பாதி போயிட்டு. வள்ளியூர்ல ஒண்ணு மிஞ்சல, அம்புட்டும் செத்துட்டுது!” பக்கத்து இருக்கையில் மடியில் பையோடு இருந்த அம்மாள் என் சட்டையைப் பிடித்துவிட்டார். “ஐயோ, எய்யா, என்னய்யா சொல்லுத? எங்க அக்கா வள்ளியூர்லல்லா இருக்கா!” பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. புழு என்று சொன்னேன், மருந்து என்று சொன்னேன். அந்த அம்மாள் தன் அக்காவோடு பேசி முடித்த பிறகுதான் என் சட்டையை விட்டார். இதை மேடத்திடம் சொன்னபோது சிரித்துச் சிரித்துப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றவில்லை.

அந்த வள்ளியூர் மருந்து மனித உயிரணுக்களையும் கொன்றதால் அதைக் கைவிட வேண்டியிருந்தது. வேறொரு முறை நாங்கள் ஜெயித்தேவிட்டோம் என்று நினைத்தோம். அம்பாசமுத்திரம் என்று ஒட்டிய குப்பியின் மருந்து புழுக்களை அப்படியே நிறுத்தியிருந்தது. உயிருள்ள புழு நாங்கள் ஊற்றும் மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும். இவை மாற்றவில்லை. கட்டுரை எழுதி அனுப்பியாயிற்று. கல்லூரியில் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடாகி, மாலைகூட வாங்கி வைத்துவிட்டார்கள். அதற்குள் அடுத்த பெட்டியையும் பார்த்துவிடலாம் என்று பார்த்தேன். சீவலப்பேரியில் புழுக்கள் நின்றிருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடிப்படியில் ஓடினேன். “மேடம், இதுலயும் ஒண்ணு! சீவலப்பேரி!” என்றேன். அவர் கையிலிருந்த குடுவையைப் பைய மேசைமேல் வைத்தார்.

“சீவலப்பேரியா? நல்லா பாத்தியளா?”

“நல்லா பாத்தேன். ஒண்ணுகூட அசையல.”

“சார், சீவலப்பேரி சும்மா” என்றார்.

வெறும் கரைப்பானில் புழு சாகாது. அப்படியானால் கொன்றது வேறு ஏதோ ஒன்று. தேடினோம். கிண்ணங்களைக் கழுவப் புதிதாக வாங்கியிருந்த சோப்புத்தூள் சில கிண்ணங்களில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அம்பாசமுத்திரத்து மருந்தைச் சுத்தமான கிண்ணத்தில் மறுபடி பார்த்தபோது, புழுக்கள் உல்லாசமாக நீந்தின. கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். சோப்பின் மீதா, மேடத்தின் மீதா என்று சொல்லத் தெரியவில்லை. பாராட்டுக் கூட்டம் நின்றுபோனது. அலுவலக உதவியாளர் வந்து, வாங்கின மாலையை என்ன செய்ய என்று கேட்டார். மேடம் சொன்னார்: “புழுவுக்குப் போடுங்க. அதுதானே ஜெயிச்சிருக்கு.” அன்று மாலை படியிறங்கும்போது என்னிடம் தணிந்த குரலில், “ஒண்ணும் கெடைக்கலன்னு சொல்லுததுல என்ன சார் வெக்கம்? இல்லாத மருந்த இருக்குன்னு சொன்னா நம்பிக் காலக் காட்டுதவன் என்ன ஆவான்?” என்றார்.

அவர் அப்படிச் சொன்னபோது மனதில் இருந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியும். கல்லூரி வாசலில் டீக்கடை வைத்திருக்கும் சுடலைமுத்து அண்ணாச்சி. இளம் வயதில் கும்பகோணம் பக்கம் வேலைக்குப் போன இடத்தில் புழுவை வாங்கி வந்தவர். இடது கால் முழங்கால்வரை தூணாகிவிட்டது. மேடம் டீ குடிக்கப் போனால் முதலில் அவரைத்தான் அதட்டுவார். “அண்ணாச்சி, சோப்புப் போட்டுக் கால் கழுவுனியளா? வெரலிடுக்க ஈரமில்லாமத் தொடச்சியளா?” அவர் சின்னப் பிள்ளை போலக் காலை நீட்டிக் காண்பிப்பார். ஒருநாள் கேட்டுவிட்டார். “நீங்க ரெண்டு பேரும் மருந்து கண்டுபிடிக்கியளாமே, எப்பம்மா வரும்?” நான் சட்டென்று, சீக்கிரம் வந்துரும் அண்ணாச்சி என்று ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். மேடம் முந்திக்கொண்டார். “உங்க காலுக்கு வராது அண்ணாச்சி. வீங்குன கால் மருந்துல வடியாது. உங்க பேரப்பிள்ளைய காலு வீங்காம இருக்கதுக்கு வரும். அதுவும் எனக்கு அப்புறம்தான் வரும்.” அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, “பெறகு வந்தாலும் வரட்டும்மா. நீ டீயக் குடி” என்றார். மேடத்தை எடுத்த அன்று, அந்தக் காலோடு அத்தனை தூரம் நடந்து வந்து தெருமுனையில் நின்றவர் அவர். பக்கத்தில் வர வெட்கப்பட்டார். நான்தான் கைபிடித்து அழைத்துப்போனேன்.

நோய் மேடத்துக்குப் போன ஆண்டு தெரிய வந்தது. புற்று. திருவனந்தபுரத்தில் சிகிச்சை. ரயிலில் போய்விட்டு ரயிலில் வருவார். பார்க்கப் போனால் உடம்பைப் பற்றிப் பேசமாட்டார், தனக்கு ஏற்றும் மருந்தின் மூலக்கூறைப் பற்றிப் பேசுவார். காகிதத்தில் அதை வரைந்து என்னிடம் நீட்டினார். “இங்கன பாருங்க, இந்த வளையத்த எவ்வளவு அழகா மாட்டியிருக்கான். கெட்டிக்காரன்தான். ஆனா சோறு உள்ள போகுமான்னு ஒரு நிமிஷம் யோசிக்கலியே, பாவிப்பய.” சொல்லிவிட்டுத் தலையணையில் சாய்ந்தார். “நம்ம மருந்து அப்படி இருக்கப்படாது சார். புழு சாகணும், மனுசன் சாப்பிடணும். ரெண்டும் நடக்கணும்.” உடம்பு நன்றாக இருந்த நாட்களில் கல்லூரிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேலை பார்த்தார். அப்படிச் செய்ததுதான் அந்தக் கடைசிப் பெட்டி. என் கையில் கொடுத்தபோது பெட்டியை உடனே விடவில்லை. இரண்டு பேரும் சற்று நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அதன் பிறகு பல வாரம் அறுக்கும் கூடத்தில் நல்ல புழுவே கிடைக்கவில்லை. கிடைத்த அன்றைக்குத்தான் அந்த அழைப்பு வந்தது.

ஆற்றங்கரை மயானத்தில் எல்லாம் முடிந்து, தாமிரபரணியில் குளித்து, ஈரத் தலையோடு ஆய்வகத்துக்குப் போனேன். ஒவ்வொரு கிண்ணமாகப் பார்த்தேன். சேரன்மகாதேவி நெளிகிறது. வீரவநல்லூர் நெளிகிறது. கல்லிடை, அம்பை, வள்ளியூர் எல்லாம் நெளிகின்றன. சீவலப்பேரியில் புழுக்கள் நேர்க்கோடாகக் கிடந்தன. சாயம் ஊற்றினேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. கை தானாகக் கைப்பேசியை எடுத்து அவர் பெயரைத் தேடிவிட்டது. தேடிய பிறகுதான் நினைவு வந்தது. மறுபடி சீவலப்பேரி. இது அவர் கடைசியாகச் செய்த மருந்தா, இல்லை பழையபடி சும்மாவா? சொல்ல வேண்டியவரை இப்போதுதான் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்திருக்கிறேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு தனிமையை நான் அறிந்ததில்லை.

மாடியில் அவருடன் வேலை பார்த்தவர்கள், எதில் எது என்று அவர் குறித்த தாள் எங்கும் கிடைக்காததால், ஒவ்வொரு குப்பியிலிருந்தும் ஒரு துளி எடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் கருவிக்காக மதுரைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. ஆறிலும் மருந்து. ஆறும் வெவ்வேறு. சும்மா இல்லவே இல்லை. சீவலப்பேரி மேடத்தின் மருந்துதான் என்பதில் மற்றவர்களுக்குச் சந்தோஷம். எனக்கு மனது ஆறவில்லை. அவர் இறந்த மறுநாள், அழுத கண்ணோடு, அவருக்காக ஒன்றாவது பலிக்க வேண்டும் என்ற ஆசையோடு நான் பார்த்த பார்வை அது. அந்தக் கண்ணை மேடம் நம்பியிருக்கவே மாட்டார்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனேன். இலையில் எல்லாம் பரிமாறி வந்து, கடைசியில் சேமியாப் பாயசம் வைத்தார்கள். எனக்கு ஒரு கிண்ணம்தான் வந்தது. இடது பக்கத்திலிருந்து இன்னொரு கிண்ணம் நகர்ந்து வருமென்று உடம்பு காத்திருந்தது. யாரோ ஒரு சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார். அவர்மீது எனக்கு அநியாயத்துக்குக் கோபம் வந்தது. என் பங்கைக் குடிக்காமல் எழுந்து கை கழுவினேன்.

சங்கரலிங்கம் சார் துண்டு எடுத்து நீட்டினார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேதியியலில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டுக்காரி சொன்னதுதான். அவரிடம் கேட்டேன்: “சார், கடைசிப் பெட்டியில மேடம் சும்மா வைக்கலியே, ஏன்னு உங்ககிட்ட ஏதும் சொன்னாங்களா?”

“சொன்னா. பெட்டிய மூடும்போதே சொன்னா. ஆறு செஞ்சு முடிச்சிட்டேன், எதையும் வெளிய எடுத்து வைக்க மனசு வரல, இந்தத் தடவ சும்மாவுக்கு எடமில்லன்னு சொன்னா” என்றார். பிறகு, “தப்பா சார்?” என்று கேட்டார்.

“தப்பில்ல. ஆனா இப்பம் நீங்கதான் ஒரு சும்மா வைக்கணும்” என்றேன்.

அடுத்த வாரம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். மாடியில் புதிதாக ஆறு குப்பிகள் தயார் செய்து வைத்திருந்தார்கள். மேடத்தின் மருந்துகள் ஐந்து, அதில் சீவலப்பேரியும் உண்டு, மற்றொன்றில் வெறும் கரைப்பான். எதில் எது என்று அவருக்கு மட்டும் சொல்லிவிடுவார்கள்; எந்த ஊர்ப் பெயரை எதில் ஒட்டுவது என்பது அவர் இஷ்டம். நான் வெளியே நின்றேன். ஆறு துண்டுக் காகிதம் ஒட்ட அவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியாது. கதவைத் திறந்து வந்தபோது பரீட்சை எழுதி முடித்தவர் போல வேர்த்திருந்தார். “ஒண்ணும் கேட்காதீங்க. ஒண்ணுஞ் சொல்லமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறப் போய்விட்டார்.

புதுப் புழு கிடைத்து, வைத்து, பார்த்தேன். ஐந்து கிண்ணங்களில் நெளிந்தன, ஒன்றில் நின்றிருந்தன. வேண்டுமென்றே முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். நின்றுதான் இருந்தன. கூப்பிட்டேன். திரையில் ‘கோமதி மேடம்’ என்று வந்தது. அந்த எண்ணை இப்போது சங்கரலிங்கம் சார்தான் வைத்திருக்கிறார். எடுத்தவுடனே அவர் கேட்டார்:

“என்ன சார், புழு என்ன சொல்லுது?”

இத்தனை வருடம் தன் வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை அவர் தன்னை அறியாமல் கேட்டுவிட்டார். கிண்ணத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொன்னேன். “வீரவநல்லூர்ல நின்னுட்டுது சார்.”

“வீரவநல்லூரா? நல்லா பாத்தியளா?”

“ரெண்டு தடவ பாத்தேன்.”

“சும்மா அம்பாசமுத்திரத்துல இருக்கு சார்” என்றார். “வீரவநல்லூர்ல ஒட்டுனது அவ சீவலப்பேரியத்தான்.”

இதைப் பெரிய வெற்றி என்று எழுதினால் மேடத்துக்குப் பிடிக்காது. கண்ணாடிக் கிண்ணத்தில் மாட்டுப் புழு நின்றிருக்கிறது, அவ்வளவுதான். இது மனிதப் புழுவையும் நிறுத்துமா, மனித உடம்பு இதைத் தாங்குமா, சோறு உள்ளே போகுமா என்று இன்னும் எத்தனையோ பார்க்க வேண்டும். அதெல்லாம் முடிவதற்குள் நானும் ஓய்வு பெற்றுவிடுவேன். சுடலைமுத்து அண்ணாச்சியிடம் போய் இதையேதான், கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் டீ போட்டுக் கொடுத்தார். இரண்டு கிளாஸில் போட்டுவிட்டு, ஒன்றைத் திரும்ப எடுத்துக் கீழே ஊற்றினார்.

மேடத்திடமிருந்து எனக்கென்று எதை வைத்துக்கொண்டேன் என்று கேட்டால், அந்தச் சும்மாவைத்தான். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வெறும் குப்பி இருக்கும். என் பணிக்காலம் உள்ளவரை இருக்கும். ஆனால் அதை நானே வைத்துக்கொள்ள முடியவில்லை. நான் வைத்தால் எது என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு தடவையும் சங்கரலிங்கம் சாருக்குச் சொல்லி அனுப்புகிறேன். அவரும் பஸ் ஏறி வந்து, வேர்க்க வேர்க்க ஒட்டிவிட்டுப் போகிறார். அவர் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும்போது நான் மாடிப்படியின் அடியில் நிற்கிறேன். என் கண்ணைக் கொஞ்சமும் நம்பாத, என் பக்கத்தை விட்டுக் கொஞ்சமும் நகராத ஒரு மனுஷி வேண்டியிருக்கிறது எனக்கு. அப்படி ஒருவர் மாடியில் இருந்தார்.